வெள்ளி மலையும் ஒரு கோடும்

முன்பெல்லாம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பாதரசத்தை எடுக்கும் நாளில், "மோதிரம் போட்டிருப்பவர்கள் கழற்றி வையுங்கள்" என்றுதான் ஆசிரியர் பாடத்தைத் தொடங்குவார். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். பாதரசத் துளி பட்ட மாத்திரத்தில் தங்கம் வெளுத்துப் போகும். பாதரசம் தங்கத்தைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக் கொள்வதே இதற்குக் காரணம். இப்படி உண்டாகும் கலவையை இரசக் கலவை என்பார்கள். தங்கத்தைப் போலவே வெள்ளியும் பாதரசத்தில் கரையும். இரும்பு கரையாது. ஆகவேதான் பாதரசத்தை இரும்புக் குடுவைகளில் அடைத்து அனுப்பும் வழக்கம் வந்தது.

இந்தச் சிறிய வேதியியல் உண்மை, தென் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வைப் புரட்டிப் போட்டது. அது நடந்து 450 ஆண்டுகள் ஆகின்றன. அதன் தடயத்தை இன்றும் பனிக்கட்டியில் அளக்கலாம், வீட்டுச் சுவரில் அளக்கலாம், பள்ளிக் குழந்தைகளின் உயரத்திலும் அளக்கலாம்.

"அந்நிய ஆட்சி எப்போதோ போய்விட்டது. இன்னுமா அதைப் பற்றிப் பேசிக் கொண்டிருப்பது?" என்று கேட்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "நம் குறைகள் அத்தனைக்கும் அவர்கள்தான் காரணம்" என்று சொல்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரு சாராரும் அளவுகோலைக் கையில் எடுப்பதில்லை. ஓர் ஆட்சி முடிந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதன் விளைவில் இன்ன அளவு மிஞ்சியிருக்கிறது என்று கணக்கிட முடியுமா? ஓரிடத்தில் முடிந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

மலையும் பாதரசமும்

ஆண்டிஸ் மலைத்தொடரில், இன்றைய பொலிவியா நாட்டில், கூம்பு வடிவில் சிவந்த நிறமுடைய ஒரு மலை இருக்கிறது. ஸ்பானியர்கள் அதற்கு 'வளமான மலை' என்ற பொருளில் செரோ ரிக்கோ என்று பெயரிட்டார்கள். அதன் உச்சி ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்தில் இருக்கும் பொட்டோசி நகரமே 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கடல் மட்டத்தில் ஒருவருடைய மூச்சில் சேரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான் அங்கே கிடைக்கும். புதிதாகப் போகிறவர்களுக்குப் படியேறினாலே தலை சுற்றும்.

இன்காப் பேரரசை ஸ்பானியர்கள் வீழ்த்திப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1545இல் இந்த மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. மேற்பரப்பில் கிடைத்த தாது மிகச் செறிவானது. அங்கிருந்த மக்கள் களிமண்ணால் சிறு உலைகள் கட்டி, மலைச்சரிவில் காற்று வீசும் இடமாகப் பார்த்து வைத்து, அதில் தாதுவை உருக்கினார்கள். துருத்தி ஊத ஆள் வேண்டாம், காற்றே ஊதிவிடும். மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் இருபது ஆண்டுகளில் நல்ல தாது தீர்ந்து போயிற்று. எஞ்சிய தாதுவில் வெள்ளி குறைவாக இருந்ததால், உருக்கினால் விறகுச் செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை.

இந்தச் சமயத்தில், 1569இல், ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியாகப் பெரு நாட்டுக்கு வந்து சேர்ந்தார் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ. மெக்சிகோவில் 1550களிலேயே பாதரசத்தைக் கொண்டு வெள்ளி பிரிக்கும் முறை பெருமளவில் நடந்துவந்தது. தொலேதோ அதைப் பொட்டோசிக்குக் கொண்டுவந்தார்.

முறை இதுதான். தாதுவை நீர்ச்சக்தியால் ஓடும் ஆலைகளில் மாவாக இடிப்பார்கள். ஆலைகளுக்குத் தண்ணீர் தேவை என்பதற்காகவே மலைமேல் அணைகள் கட்டி ஏரிகள் அமைத்தார்கள். தாது மாவில் உப்பு, தண்ணீர், பாதரசம் எல்லாம் சேர்த்துச் சேறாகக் குழைத்துப் பல நாள் காலால் மிதிப்பார்கள். தாதுவில் கந்தகத்தோடு கூடியிருக்கும் வெள்ளியை உப்பு குளோரைடாக மாற்றும். பாதரசம் அந்தக் குளோரைடிலிருந்து வெள்ளியைப் பிரித்துக் கரைத்துக் கொள்ளும். பிறகு மண்ணைக் கழுவிவிட்டு, கலவையைத் துணியில் கட்டிப் பிழிந்து, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ்தான். அது ஆவியாகப் போய்விட, வெள்ளி நின்றுவிடும்.

போன ஆவி எங்கே போனது? அதில் கொஞ்சம் குளிர்ந்து திரும்பக் கிடைத்தது. மீதி காற்றில் கலந்தது, அருகில் நின்றவர்களின் நுரையீரலுக்குள் புகுந்தது. பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தால் கை நடுங்கும், ஈறு வீங்கும், பல் ஆடும், மனம் பேதலிக்கும். மண்ணை மிதித்தவர்கள் வெறுங்காலோடு மிதித்தார்கள்.

அவ்வளவு பாதரசத்துக்கு எங்கே போவது? அதற்கும் வழி பிறந்தது. இன்றைய பெரு நாட்டில் உவாங்காவெலிக்கா என்ற மலையூரில் பாதரசத் தாது 1560களில் ஸ்பானியர் கைக்குக் கிடைத்திருந்தது. நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்று சொல்கிறார்களே, அதே சிவப்புத் தாதுதான். அதை உலையில் வாட்டினால் பாதரசம் ஆவியாக வெளிவரும். அந்த ஆவியைக் குளிரவைத்து, தோல் பைகளில் கட்டி, லாமாக்களின் முதுகிலும் கோவேறு கழுதைகளின் முதுகிலும் கடற்கரைக்கு இறக்கி, கப்பலில் ஏற்றி, மறுபடி மலையேற்றிப் பொட்டோசியில் சேர்த்தார்கள். உவாங்காவெலிக்காச் சுரங்கத்துக்கு 'மரணச் சுரங்கம்' என்ற பெயர் வந்தது.

முறை வேலை

பாதரசம் கிடைத்துவிட்டது. ஆள்? 4,000 மீட்டர் உயரத்தில், மலையைக் குடைந்து, விஷத்தை மிதிக்க யார் விரும்பி வருவார்கள்?

இன்கா ஆட்சியில் 'மித்தா' என்ற ஒரு வழக்கம் இருந்தது. 'முறை' என்பது அந்தச் சொல்லின் பொருள். தண்ணீர் முறை, காவல் முறை என்று நாம் சொல்கிறோமே, அதுபோல. ஒவ்வோர் ஊரும் தன் முறை வரும்போது சாலை போடவும் கால்வாய் வெட்டவும் ஆள் அனுப்ப வேண்டும். தொலேதோ அந்தப் பெயரை மட்டும் எடுத்துக் கொண்டார். 1573 முதல், 200க்கும் மேற்பட்ட ஊர்ச் சமுதாயங்கள் தங்கள் வயது வந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரைப் பொட்டோசிக்கோ உவாங்காவெலிக்காவுக்கோ அனுப்பியாக வேண்டும் என்று சட்டமாயிற்று. பொட்டோசிக்கு மட்டும் ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வர வேண்டும். மனைவி மக்களையும் லாமாக்களையும் கூட்டிக் கொண்டு இரண்டு மாதம் நடந்து வந்தவர்களும் உண்டு. பெயருக்குக் கூலி இருந்தது. விருப்பத்தோடு வேலைக்கு வந்தவர்கள் பெற்ற கூலியைவிட அது மிகக் குறைவு. திரும்பிப் போகாதவர்கள் ஏராளம். சிலர் செத்தார்கள், சிலர் தங்கள் ஊருக்குத் திரும்பினால் மறுபடி முறை வரும் என்று வேற்றூருக்கு ஓடினார்கள்.

ஏழில் ஒரு பங்கு என்பது ஏட்டில் எழுதிய கணக்கு. ஊரில் ஆள் குறையக் குறைய, அனுப்ப வேண்டிய எண்ணிக்கை அந்த வேகத்தில் குறையவில்லை. ஆகவே முறை விரைவாகச் சுற்றி வந்தது. இந்த ஏற்பாடு 1812 வரை, 239 ஆண்டுகள் நீடித்தது.

அந்த வெள்ளி என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் உலகில் வெட்டியெடுத்த வெள்ளியில் பெரும்பங்கு இந்த ஒரு மலையிலிருந்து வந்தது. அது ஸ்பெயினோடு நிற்கவில்லை. ஐரோப்பிய வணிகர்கள் இந்தியாவில் துணியும் மிளகும் வாங்க அமெரிக்க வெள்ளியைக் கப்பல் கப்பலாகக் கொண்டு வந்தார்கள். அதை உருக்கி முகலாயர் நாணயச் சாலைகளில் ரூபாய் அடித்தார்கள். உங்கள் பாட்டியின் கொலுசில்கூட ஒரு துளி பொட்டோசி வெள்ளி இருக்கலாம். உருக்கிய வெள்ளியின் ஊரை யாராலும் சொல்ல முடியாது.

பனிக்கட்டி சொன்னது

இனித் தடயங்களுக்கு வருவோம். பெரு நாட்டின் தென்பகுதியில், 5,600 மீட்டருக்கு மேல், கெல்காயா என்ற பெரும் பனிப்படலம் இருக்கிறது. பொட்டோசியிலிருந்து அது ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வடமேற்கே உள்ளது. அங்கே ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வெண்பனி விழும், வறண்ட காலத்தில் தூசி படியும். அடுத்த ஆண்டு அதன்மேல் மறுபடி பனி. மரத்தின் வளையங்களைப் போல இந்த அடுக்குகளை எண்ணி ஆண்டைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோனி தாம்ஸன் குழுவினர் 2003இல் அந்தப் பனியைத் துளைத்து நீண்ட உருளையாக வெளியே எடுத்தார்கள். அதில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளின் காற்று எழுதிய நாட்குறிப்பு இருந்தது.

அதை ஆராய்ந்த முடிவு 2015இல் வெளியாயிற்று. இன்காக்கள் வெண்கலம் செய்த காலத்தில், 1480ஐ ஒட்டி, பிஸ்மத் என்ற உலோகத்தின் மெல்லிய சுவடு ஒன்று தெரிகிறது. ஸ்பானியர் வந்த பிறகு ஈயம் முதலான பல உலோகங்கள் திடீரென்று ஏறுகின்றன. தாதுவை இடித்த தூசியும் உலைப் புகையும் 800 கிலோமீட்டர் பறந்து வந்து பனியில் படிந்திருக்கின்றன. ஐரோப்பாவில் தொழிற்புரட்சி தொடங்குவதற்கு ஏறக்குறைய 240 ஆண்டுகளுக்கு முன்பே தென் அமெரிக்காவின் காற்று மாசுபட்டுவிட்டது! 1830ஐ ஒட்டி, விடுதலைப் போர்களுக்குப் பின், சுரங்கங்கள் தளர்ந்தபோது பனியிலும் மாசு குறைகிறது. பிறகு இருபதாம் நூற்றாண்டில்தான் அதைவிட அதிகமாக ஏறுகிறது.

காற்று இப்படி ஒருவாறு தெளிந்தது. மண் அப்படித் தெளியவில்லை. உவாங்காவெலிக்காவில் ஏழை மக்கள் இன்றும் சுடாத மண்கல்லால் வீடு கட்டுகிறார்கள். மண் எங்கே எடுப்பது? ஊரைச் சுற்றித்தான். பல நூற்றாண்டுகளாக உலைகள் எரிந்து, கசடு கொட்டி, ஆவி படிந்த மண் அது. அங்குள்ள வீடுகளின் சுவரையும் தரையையும் சோதித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. சுவரில் பாதரசமும் ஈயமும் ஆர்சனிக்கும் மிகுதியாக இருந்தன. சுவரிலிருந்து பாதரசம் மெல்ல ஆவியாகி அறைக்குள் வருகிறது. இதில் எல்லாப் பழியையும் ஸ்பானியர்மேல் போட முடியாது. விடுதலைக்குப் பிறகும் அந்தச் சுரங்கத்தில் வேலை நடந்தது.

வரப்பின் இரு பக்கம்

மனிதர்களின் வாழ்வில் ஏற்பட்ட விளைவை அளப்பதே மிகக் கடினம். மித்தா நடந்த ஊர்கள் இன்று ஏழையாக இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். அதற்கு மித்தாதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? அங்கே நிலம் மோசமாக இருக்கலாம், குளிர் அதிகமாக இருக்கலாம். முன்பே ஏழை ஊர்கள் என்பதால்தான் அவற்றின் தலையில் மித்தாவைக் கட்டினார்களோ என்னவோ!

ஓர் உழவர் புதிய விதையை எப்படிச் சோதிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். ஆற்றங்கரை வயலில் புதிய விதையையும் மேட்டு நிலத்தில் பழைய விதையையும் போட்டுவிட்டு விளைச்சலை ஒப்பிட்டால் யாரும் ஒப்புக் கொள்ள மாட்டார்கள். ஒரே வயலில் ஒரு வரப்பைப் போட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றொன்று விதைத்தால், வரப்பை ஒட்டிய இரு பக்கங்களில் மண்ணும் நீரும் வெயிலும் ஒன்றுதான். வேற்றுமை தெரிந்தால் அது விதையின் வேற்றுமை.

தொலேதோ அறியாமலே இப்படி ஒரு வரப்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மித்தாவுக்கு உட்பட்ட ஊர்கள் எவை என்று அவர் ஓர் எல்லை வகுத்தார். அந்த எல்லையின் ஒரு பகுதி, தென் பெருவில், ஒரே உயரத்தில் ஒரே வகை மக்கள் வாழும் மலைநாட்டின் ஊடே ஓடுகிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மெலிசா டெல் அந்தப் பகுதியை எடுத்துக் கொண்டு, கோட்டின் இரு பக்கத்து ஊர்களையும் ஒப்பிட்டார். கோடு போடுவதற்கு முன் இரு பக்கமும் ஒன்றாக இருந்தனவா என்பதையும் பார்த்தார். 1572இல் தொலேதோவின் அலுவலர்கள் விதித்த வரிக் கணக்கு கிடைத்திருக்கிறது. அதில் இரு பக்கத்து ஊர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

டெல்லின் ஆய்வு 2010இல் வெளிவந்தது. கோட்டுக்கு வெளியே ஒரு குடும்பம் வாழ்க்கைக்காக 100 செலவிட்டால், கோட்டுக்கு உள்ளே உள்ள குடும்பம் ஏறத்தாழ 75தான் செலவிடுகிறது. பெரு அரசு 2005இல் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தை அளந்திருந்தது. ஆறு முதல் ஒன்பது வயதுவரை உள்ள குழந்தைகளில், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் குன்றிப்போனவர்கள் உள்ளே, நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர் கூடுதலாக இருந்தார்கள். வளர்ச்சி குன்றுதல் என்பது ஒரு நாள் பட்டினியால் வருவதன்று. கருவில் இருந்த நாள் முதல் முதல் இரண்டு ஆண்டு வரை கிடைத்த உணவும் வந்த நோய்களும் சேர்ந்து எலும்பில் எழுதிவைக்கும் கணக்கு அது. மித்தாவைச் சட்டப்படி ஒழித்து 193 ஆண்டுகள் கழித்து எடுத்த அளவு இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

செத்துப்போன ஒரு சட்டம் ஒரு குழந்தையின் உயரத்தை எப்படிக் குறைக்கும்? என் மனத்தில் இந்த ஆய்வு பதிந்ததற்குக் காரணம் இதற்கு அது சொல்லும் விடைதான்.

மித்தா எல்லைக்கு உள்ளே பெரும் பண்ணைகள் தோன்றுவதை ஸ்பெயின் அரசு தடுத்தது. குடியானவர்கள்மேல் இருந்த அன்பினால் அன்று. பண்ணையார் வந்தால் சுரங்கத்துக்குப் போக வேண்டிய ஆளைத் தன் வயலுக்கு இழுத்துக் கொள்வார் என்ற அச்சம். ஆகவே பண்ணைகள் எல்லைக்கு வெளியே பெருகின. பண்ணையார்கள் நல்லவர்கள் அல்லர். அவர்களும் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்தவர்களே. ஆனால் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகப் பண்ணையாருக்குச் சாலை வேண்டும். தலைநகரில் அவருக்குச் செல்வாக்கு இருந்தது. கேட்டார், சாலை வந்தது. எல்லைக்கு உள்ளே கேட்க ஆள் இல்லை. அங்கே நிலம் ஊர்ப் பொதுவில் இருந்தது. பிற்பாடு குடியரசு பழைய பொது நில முறையைக் கலைத்தபோது, குடியானவனுக்குச் செல்லத்தக்க பத்திரம் எதையும் கையில் கொடுக்கவில்லை. பத்திரம் இல்லாத நிலத்தை யாரும் பிடுங்கலாம். பிடுங்கினார்கள். நிலப்பறிப்பும் கலகமும் கால்நடைத் திருட்டும் மித்தாப் பகுதிகளில்தான் மிகுந்தன.

பெருவில் 1969இல் நிலச்சீர்திருத்தம் வந்து பண்ணைகளை ஒழித்தது. பண்ணையார் போனார். போட்ட சாலை போகவில்லை. இன்றும் மித்தாப் பகுதிகளில் சாலை வசதி குறைவு. சாலை இல்லாத ஊரில் உருளைக்கிழங்கு எவ்வளவு விளைந்தால் என்ன, விற்க முடியாது. ஆகவே தாங்கள் உண்பதற்கு மட்டும் பயிரிடுகிற குடும்பங்கள் அங்கே அதிகம். கையில் காசு இல்லை. மருத்துவமனைக்குப் போகவும் அதே சாலைதான் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் பண்ணை முறை நல்லது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பட்டணத்துப் படித்தவர்கள் சிலர் அப்படியும் பேசக் கேட்டிருக்கிறேன். வரப்பு உவமையை மறுபடி நினைத்துப் பாருங்கள். வரப்பின் இரு பக்கமும் என்ன விதைத்தோமோ அவற்றின் வேற்றுமையைத்தான் அந்தச் சோதனை காட்டும். பெருவில் கோட்டின் ஒரு பக்கம் இருந்தது சுரங்க வெட்டி வேலையோடு கூடிய ஸ்பானிய ஆட்சி. மறுபக்கம் இருந்ததும் ஸ்பானிய ஆட்சிதான், வெட்டி வேலை மட்டும் இல்லை. அந்த 25 விழுக்காடு இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. அந்நிய ஆட்சியே வராதிருந்தால் அந்த ஊர்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அது அளக்கவில்லை. அளக்கவும் முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஓர் ஊர் ஆண்டிஸ் மலைநாட்டில் மிஞ்சவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த அரசுகளின் பொறுப்பும் அந்தக் கணக்குக்குள்ளே அடங்கியிருக்கிறது. 1820களுக்குப் பின் சாலை போடாததும் பத்திரம் கொடுக்காததும் ஸ்பானியர் அல்லர்.

செரோ ரிக்கோவில் இன்றும் வேலை நடக்கிறது. இப்போது வெட்டுபவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்த தொழிலாளர்கள். வெள்ளியோடு துத்தநாகமும் வெள்ளீயமும் எடுக்கிறார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய் அவர்களை இளவயதிலேயே கொண்டுபோகிறது. பொட்டோசி நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக 1987இல் யுனெஸ்கோ ஏற்றுக் கொண்டது. 2014இல் அதை ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. காரணம், நான்கரை நூற்றாண்டுகளுக்கு மேலாகக் குடைந்து குடைந்து உள்ளே வெற்றிடமாகிவிட்ட அந்த மலையின் உச்சி சரிந்து உள்வாங்கத் தொடங்கியிருக்கிறது.